லிக்கர் கார்டுக்கு டிஸ்சார்ஜ்

ஜூன் 3, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். குடிக்கத் தோன்றியதா, தூக்கம் வந்ததா, காதில் எரிச்சல் உண்டா, இவ்வளவு போதுமாம். மனதில் பட்டதையும் எழுதலாமாம். நீங்களாகக் காட்டினால் ஒழிய யாரும் படிக்க மாட்டோம் என்றார். படித்தால்தான் என்ன, படிக்கட்டும். ‘இன்று மனம் லேசாக இருந்தது’ என்றெல்லாம் மட்டும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

தசரதன். ஹவில்தார், சிக்னல்ஸ், ரிட்டையர்டு. மலையிலும் பாலைவனத்திலும் டெலிபோன் கேபிள் இழுத்தவன். ஊருக்கு வந்த பிறகு ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் செக்யூரிட்டி வேலை. அதை நானாகத்தான் விட்டேன். கம்பெனியில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

போன மாதம் வேலூர் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து உடம்பிலிருந்து குடியை இறக்கினார்கள். கட்டிலோடு என்னைக் கட்டிப்போட வேண்டியிருந்ததாம். என் மனைவி ஜெகதா சொல்கிறாள், எனக்கு ஞாபகமில்லை. இறக்கியது பெரிதில்லை, மறுபடி ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிது என்றார் டாக்டர் எஸ்தர். அதற்குத்தான் இந்தப் பெட்டி.

சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கிறது. ஒரு ஒயர், நுனியில் ஒரு கிளிப். இடது காதின் உள்மடிப்பில் மாட்ட வேண்டும். மூளையில் கிளம்பித் தொண்டை, இதயம், வயிறு என்று இறங்கும் ஒரு நரம்பின் கிளை காதுக்கு வருகிறதாம். அங்கே லேசாகக் கரண்ட் கொடுத்தால் உள்ளே ‘குடி, குடி’ என்று நச்சரிப்பது அடங்குகிறதா என்று ஆராய்ச்சி. முன்னாள் ராணுவத்தாருக்கு மட்டும். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி.

ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. பாதிப் பேருக்குத்தான் நிஜப் பெட்டி, மீதிப் பேருக்கு டம்மி. மாட்டியதும் இரண்டுமே சுருசுருவென்று இருக்கும். அப்புறம் டம்மியில் அது நின்றுவிடும், நிஜத்தில் நமக்குப் பழகிவிடும். ஆக, கண்டுபிடிக்க முடியாது. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். பட்டாளத்தில் வெத்துத் தோட்டா கொடுத்தால் வெத்துத் தோட்டா என்று சொல்லித்தான் கொடுப்பார்கள்.

ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். கஜபதி போட்டான், நானும் போட்டேன். பக்கத்துத் தெருக்காரன், என்னோடு ஒரே நாளில் ஆள் எடுப்பில் தேறியவன். அவன் செய்த எதையும் நான் செய்யாமல் விட்டதில்லை, குடி உட்பட.

ஜூன் 5, புதன்

கஜபதிக்காகக் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அது பாதிதான்.

என் மகள் ஹேமாவதி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வந்த வரன்களெல்லாம் ஜாதகம் சரியில்லை என்று திரும்பிப் போயின. ஜாதகம் யாருடையது என்று ஊருக்கே தெரியும். இப்போது ஆரணியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் தினகரன் கூட்டுறவு பேங்கில் வேலை. ஹேமாவுக்கும் பிடித்திருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவள் என் எதிரில் நின்று சொன்னாள்: “அப்பா, மணவறையில என் கையைப் பிடிச்சுக் குடுக்கறவரு நிதானமா இருக்கணும். அதுக்குள்ள ஒரு நாள் நீங்க குடிச்சாலும் குப்பு மாமாவை நிக்க வெச்சுப்பேன். நீங்க மண்டபத்துக்கே வர வேணாம்.”

குப்பு என்பது குப்புராஜ், ஜெகதாவின் தம்பி. என் மகள் கையை அவன் பிடித்துக் கொடுப்பதா?

அவள் அழவில்லை, கத்தவுமில்லை. வருகைப் பதிவேடு வாசிக்கிற குரலில் சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் கதவைத் தாழிட்டுக்கொள்வது அவள் பழக்கம். செல்போன் பார்ப்பாள் போலிருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

தூக்கம் இல்லை. எரிச்சல் உண்டு, காதிலும் மனதிலும். குடிக்கத் தோன்றியதா? இதெல்லாம் ஒரு கேள்வியா?

ஜூன் 14, வெள்ளி

டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கிளிப் லூசாக இருப்பதாகப் பட்டது. ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினேன். அரை மணிக்குப் பதில் காலை டிபனிலிருந்து மதியச் சாப்பாடு வரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொடர்ந்து சில நாள். காது தக்காளி மாதிரி வீங்கிவிட்டது.

“எதுக்கு சார் இவ்ளோ நேரம்?” என்றார்.

“தப்பு பண்ணவன் பிட்டு ஓடணும் டாக்டர்,” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சொன்னேன். பட்டாளத்தில் தப்பு செய்தவன் முதுகில் முழு மூட்டையையும் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். போதும் என்று அவர்கள் சொல்கிற வரை ஓட வேண்டும். வலித்தால்தான் தண்டனை ஏறும்.

டாக்டர் எஸ்தர் பேனாவைக் கீழே வைத்தார். “இது தண்டனை இல்ல, ஹவில்தார் சார். வைத்தியம். வலிச்சா தப்பா மாட்டியிருக்கீங்கன்னு அர்த்தம்.”

ஜெகதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “வீட்லயும் இதேதாம்மா. இவருக்கு ஜுரம் வந்தாலும் பச்சத் தண்ணியிலதான் குளிப்பாரு,” என்று போட்டுக்கொடுத்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜெகதா சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது, அதை அவர்களிடம் சொல்லவில்லை.

வலிக்காத தண்டனையால் என்ன பயன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ரப்பர் பேண்டை எடுத்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

குப்பு வந்தான். கையில் மாம்பழப் பை. மாம்பழத்தோடு வந்தால் கோட்டாவுக்கு வந்திருக்கிறான் என்று பொருள்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பட்டாளத்தான். ரிட்டையரான ஒவ்வொருவனுக்கும் மிலிட்டரி கேண்டீனில் இரண்டு கார்டு. ஒன்று மளிகைக்கு, ஒன்று மாதாமாதம் சரக்குக்கு. மளிகைக் கார்டை யாரும் சீந்துவதில்லை. லிக்கர் கார்டு வைத்திருப்பவனுக்குத்தான் ஊரில் மரியாதை. வீடு கட்டுகிற மேஸ்திரி, கரண்ட் கனெக்‌ஷன் கொடுப்பவர், பெண் பார்க்கும் தரகர், எல்லோருக்கும் ‘மிலிட்டரி ஒன்று’ கொடுத்தால் வேலை நடக்கும். எனக்கு யார் வணக்கம் சொன்னாலும் அது எனக்கா கார்டுக்கா என்று எனக்கே சந்தேகம்.

“இன்னா மாமா, நீங்கதான் இப்ப சாப்புடறதில்லையே. இந்த மாசத்துது வீணாப் போயிடும். வாங்கிக் குடுங்க, நான் பாத்துக்கறேன்,” என்றான்.

“வீணாப் போவட்டும்டா,” என்றேன்.

“கோச்சுக்காதீங்க மாமா. காதுல இன்னாது, எஃப்எம்மா?”

வந்த மாம்பழத்தைத் திருப்பிக் கொடுத்தனுப்பச் சொன்னேன். ஜெகதா கொடுக்கவில்லை. பழம் நன்றாக இருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

நிச்சயதார்த்தம். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவர்கள் அவசரப்பட்டார்கள். கல்யாணம் ஆவணியில்.

சம்பந்தி பலராமன் ஆரணியில் லாரி ஆபீஸ் வைத்திருக்கிறார். பெரிய குரல், பெரிய மோதிரம். அவர் மனைவி சுலோச்சனா பேசவே இல்லை, எதைக் கேட்டாலும் கணவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். பையன் தங்கமானவன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

தட்டு மாற்றுகிற நேரத்தில் பலராமன் என் தோளைத் தட்டினார். “மிலிட்டரி சம்பந்தி கெடைச்சிருக்காரு! சீரு கீரு எதுவும் கேக்க மாட்டேன். ரிசப்ஷனுக்கு மட்டும் கேண்டீன் சரக்கு. எங்க அண்ணன் தம்பிங்க இப்பவே நாக்கைத் தொங்கப் போட்டுட்டிருக்காங்க!”

எல்லோரும் சிரித்தார்கள்.

“அதுக்கென்ன,” என்றேன். நானும் சிரித்தேன்.

ஜெகதா வெற்றிலைத் தட்டோடு நின்றவள் அப்படியே நின்றாள். ஹேமா தலை நிமிரவில்லை. வேறென்ன சொல்லியிருக்க முடியும்? ‘முடியாது’ என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் வரன் போய்விடும். சபையில் ஒரு வார்த்தைதானே.

ஜூலை 10, புதன்

கேண்டீன் போனேன். என் கோட்டாவும், சொல்லிவைத்திருந்த இரண்டு பேருடையதும். அட்டைப் பெட்டியோடு ஆட்டோவில் கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி ஜெகதாவிடம்.

ஹேமா பள்ளியிலிருந்து வந்தாள். பீரோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இன்று சூரியன் இருக்கும்போதே தாழ்ப்பாள் விழுந்தது.

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. கஜபதி பட்டப்பகலில் குடித்துவிட்டு என் வாசலில் வந்து நின்றான்.

“தசா, நம்மள ஏமாத்திட்டானுங்கடா. என்னுது டம்மி! ஒண்ணுமே வரல அதுல. எங்க வீட்டு டார்ச்லைட்டுல இதவிட ஜாஸ்தி கரண்ட் வரும்!”

“உனக்கெப்படிடா தெரியும்?”

“மாட்டிக்கினேன், அப்பவும் தாகமெடுத்துச்சு. டம்மி இல்லாம பின்ன இன்னா? உன்னுதும் டம்மிதான். செக் பண்ணிப் பாரு, சிக்னல்ஸ்காரன்னு பேரு வெச்சிக்கினு!”

அவனைத் திட்டி அனுப்பினேன். ஆனால் வார்த்தை காதுக்குள் புகுந்துவிட்டது. பரணில் கரண்ட் அளக்கும் என் பழைய மல்ட்டிமீட்டர் இருந்தது. புது பேட்டரி போட்டேன். பெட்டியை ஆன் செய்து, கிளிப்பின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன்.

பூஜ்யம்.

மாற்றி வைத்தேன். பூஜ்யம். லெவலை ஏற்றினேன். பூஜ்யம். பனிமலையில் கையுறையோடு கேபிளில் கோளாறு கண்டுபிடித்தவன் நான். எனக்கு மீட்டர் படிக்கத் தெரியாதா?

செத்த லைன். காதில் செத்த லைனை மாட்டிக்கொண்டு காலையும் மாலையும் சாமி கும்பிடுகிறவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 19, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜெகதா அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போயிருந்தாள். ஹேமா பள்ளியில். பீரோ சாவி அரிசி டப்பாவில் இருக்கும் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். அவளும் எனக்குத் தெரியும் என்று தெரிந்துதான் வைத்திருப்பாள்.

திறந்தேன். ஒரு ரம் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம், அப்படி ஒரு கோபம். ஆஸ்பத்திரி என்னை முட்டாளாக்கிவிட்டது. பொம்மையைக் கொடுத்து, குழந்தைக்கு நிப்பிள் கொடுக்கிற மாதிரி உட்காரவைத்துவிட்டார்கள். அவர்கள் முகத்தில் அடித்த மாதிரி இப்போதே குடிக்க வேண்டும். மூடியில் கை வைத்தேன்.

அப்போது ஒன்று தோன்றியது. பெட்டி பொம்மை என்றால், இத்தனை நாள் குடிக்காமல் இருந்தது எவன்?

கஜபதி இல்லை. கரண்ட் இல்லை. குப்பு கேட்டபோது வீணாகப் போகட்டும் என்று சொன்னது எவன்? இதே தசரதன்தானே. இப்போது இதைத் திறந்தால் ஆஸ்பத்திரியை அடித்ததாகுமா, என்னையே அடித்துக்கொண்டதாகுமா?

“போடா,” என்றேன். பாட்டிலைப் பார்த்துத்தான். சத்தமாகவே சொன்னேன், வீட்டில் யாரும் இல்லாத தைரியத்தில்.

உள்ளே வைத்துப் பூட்டினேன். சாவியை அரிசி டப்பாவில் பழைய இடத்திலேயே புதைத்தேன். பிறகு அந்தப் பொம்மைப் பெட்டியைத் தேடி எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். பொம்மையானாலும் என் பொம்மை. ஜெகதா கூழ்ச் சொம்போடு வந்தபோது அரிசி டப்பாவைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு என் அருகில் வந்து, என்னவோ பூ எடுக்கிறவள் மாதிரி குனிந்து மோப்பம் பிடித்தாள். பிடிக்கட்டும். இன்று பிடிக்கட்டும்.

ஜூலை 22, திங்கள்

ஆஸ்பத்திரிக்குச் சண்டைக்குப் போனேன். மீட்டரையும் எடுத்துப் போனேன். டாக்டர் எஸ்தர் மேஜைமேல் வைத்து நிரூபித்தேன். பூஜ்யம்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், இது முதல்ல தோல்ல மாட்டியிருக்கான்னு பாக்கும். தோல் இல்லன்னா அதுவா கரண்ட்டை நிறுத்திக்கும். இல்லன்னா கழட்டி வெச்சா எங்கயாவது பட்டு சுடுமில்ல? நிஜப் பெட்டியா இருந்தாலும் உங்க மீட்டர்ல பூஜ்யம்தான் காட்டும்,” என்றார்.

மீட்டருக்கு ஏது தோல்.  இது தெரியாமலா இத்தனை வருஷம் லைன் இழுத்தேன்.

“அப்ப இது நிஜமா?”

“எனக்கும் தெரியாது சார். சத்தியமா.”

பெட்டியைச் சோதிக்கக் கூடாது என்பது விதியாம். என் பெயரில் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றார். குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். கஜபதி பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டானாம். அவனுக்கு இன்னொரு முறை சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

எழுந்துகொள்ளும்போது கேட்டார்: “டம்மின்னு நெனச்சப்ப குடிச்சீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“வீம்புக்கு,” என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார்.

ஜூலை 30, செவ்வாய்

ஹேமா கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தினாள். சாப்பாட்டு நேரம் வரை அங்கேயே இருந்தாள். சிவப்பு மை தீர்ந்தபோது, “அப்பா, உங்ககிட்ட பேனா இருக்கா?” என்றாள். இந்தப் பேனாவைத்தான் கொடுத்தேன். அதனால் இன்று எழுதுவது அவள் போன பிறகு.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஜெகதாவிடம், “அதெல்லாம் வீட்டுல வேணாம்,” என்றேன். எதெல்லாம் என்று அவள் கேட்கவில்லை.

பின்கட்டில் ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடையில் ஊற்றினாள். “வாசனை தூக்குது, நீங்க வெளிய போய் நில்லுங்க,” என்றாள். தெருமுனை வரை போய் வெயிலில் நின்றேன். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஆமாம், பயந்துதான் நின்றேன். சாக்கடையில் போகிற சாராயத்தைப் பார்த்துப் பயந்தேன். பயந்தால் என்ன?

ஆகஸ்ட் 12, திங்கள்

கேண்டீனுக்குப் போய், லிக்கர் கார்டு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கவுண்ட்டரில் இருப்பவர் மணவாளன், எனக்கு ஒரு படி கீழே நாயக்காக ரிட்டையரானவர். காது கேட்காதவர் மாதிரி என்னை மறுபடி சொல்லச் சொன்னார்.

“லிக்கர் கார்டையா? சார், இதை யாருமே சரண்டர் பண்ணது கெடையாது. செத்தவன் பொண்டாட்டிகூட கார்டை விட மாட்டேங்கறா!”

“நான் குடுக்கறேன். எழுதிக்கோ.”

ஒரு தாளை நீட்டினார். ‘கார்டை சரண்டர் செய்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆஸ்பத்திரி வார்டில் குடியை விடக் கவுன்சிலிங் கொடுக்க வந்த ஒரு தம்பி இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ‘நீங்க சரண்டர் ஆயிடணும் சார்’ என்று. அப்போதும் எழுந்து போய்விட்டேன். எதிரே எவன் துப்பாக்கி பிடித்தாலும் சொல்லக் கூடாத வார்த்தை என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள்? அதைப் போய் ஒரு பாட்டில் முன்னால் நான் எழுதுவதா?

“சரண்டர்னு எழுத மாட்டேன்,” என்றேன்.

“அது ஃபார்மாலிட்டி சார். வேற இன்னான்னு போடறது?”

யோசித்தேன். க்யூவில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

“டிஸ்சார்ஜ்னு போடு. பட்டாளத்துலேர்ந்து என்னை எப்படி அனுப்புனாங்க? சர்வீஸ் முடிஞ்சுது, டிஸ்சார்ஜ். அதே மாதிரி இதுக்கும் சர்வீஸ் முடிஞ்சுது. இந்தக் கார்டை நான் டிஸ்சார்ஜ் பண்றேன்.”

 மணவாளன் தாளை வாங்கி, தலைப்பில் அச்சாகியிருந்த ‘சரண்டர்’ என்பதை அடித்துவிட்டு, என்னைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். எழுதினேன். பின்னால் ஒருவன், “லூசுப்பா,” என்றான். ‘ஆமாண்டா’ என்று திரும்பிச் சொன்னேன். மளிகைக் கார்டில் ஜெகதாவுக்கு ஒரு பிரஷர் குக்கர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

முன்னாள் ராணுவத்தார் சங்கத்தில் கொடியேற்றம். செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ‘டிஸ்சார்ஜ் தசரதன்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். கஜபதி மட்டும் சிரிக்கவில்லை. தள்ளி நின்று சல்யூட் அடித்தான், கை நெற்றிக்கு நேராக நிற்கவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

பலராமன் போன் செய்தார். “சம்பந்தி, சரக்கு ரெடிதானே?”

“கேண்டீன்ல ஸ்டாக் இல்லீங்க,” என்றேன்.

கேண்டீன் கவுண்ட்டரில் அவ்வளவு பேசியவன், போனில் ஒரு லாரி ஆபீஸ்காரரிடம் பொய் சொன்னேன். அவர், “எங்காளுங்க முன்னால மானம் போயிடும் போலிருக்கே,” என்று வைத்துவிட்டார்.

ஹேமா புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். “ஸ்டாக் இல்லையாப்பா?” என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெட்கமாக இருந்தது. அவள் மேல் எரிந்து விழுந்தேன். அவள் எழுந்து உள்ளே போகவில்லை. தைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன், கெடு முடிந்தது. காது வெறிச்சென்று இருக்கிறது.

எல்லோருடையதும் முடிந்த பிறகுதான் எது நிஜம், எது டம்மி என்று உறை பிரிப்பார்களாம். சொல்ல வேண்டுமா என்று டாக்டரம்மா கேட்டார். சொல்லுங்கள் என்றேன். நிஜமென்றால் கரண்ட்டுக்கு ஒரு கும்பிடு. டம்மியென்றால் எனக்கே ஒரு கும்பிடு. எப்படியும் எனக்கு நஷ்டமில்லை.

“பெட்டி இல்லாம கல்யாணத்தை எப்படி சார் சமாளிப்பீங்க?”

தெரியாது என்றேன். நம்பரை எழுதிக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடச் சொன்னார்.

ஆகஸ்ட் 31, சனி

கல்யாணம் முடிந்தது. இரண்டு நாள் கதையையும் சேர்த்து எழுதுகிறேன்.

வியாழன் மாலை ரிசப்ஷன். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிறார்கள். போட்டோ எடுக்கக் கூட்டம் வரிசையில் நிற்கிறது. குப்பு வந்து, “சம்பந்தி உங்களைக் கூப்புடறாரு மாமா,” என்று மண்டபத்துக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போனான். அங்கே வேன் கதவைத் திறந்துவைத்துப் பலராமனும் அவர் அண்ணன் தம்பிகளும். கடைச் சரக்கு, குப்பு ஏற்பாடு. வாசனை என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டது. வாயில் எச்சில் ஊறியது. அதை எழுதாமல் விட்டால் இவ்வளவும் பொய்.

பலராமன் ஒரு டம்ளரை நீட்டினார். “கேண்டீன்தான் இல்லன்னுட்டீங்க. போவட்டும். சம்பந்தி கையால ஒரே ஒரு பெக். மிலிட்டரிக்காரரு வேணாம்னு சொன்னா சிரிப்பாங்க.”

“வேணாங்க.”

“மாப்பிள்ளை வீட்டை அவமானப்படுத்தாதீங்க.”

“சும்மா நாக்குல வெச்சுக் குடுங்க மாமா,” என்றான் குப்பு.

டம்ளர் என் மூக்குக்கு நேராக இருந்தது. காதில் எதுவும் இல்லை. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். ஓடினால் நாளைக்கும் நீட்டுவார்கள், தலை தீபாவளிக்கும் நீட்டுவார்கள்.

“சம்பந்தி, நான் குடிகாரன்,” என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் சிரிக்கவில்லை.

“நெசமாத்தான் சொல்றேன். ஆஸ்பத்திரியில கட்டிப்போட்டு வைத்தியம் பாத்தாங்க. காதுல கரண்ட் வெச்சாங்க. இதுல ஒரு வாய் குடிச்சா நாளைக்கு என் பொண்ணு கையைப் பிடிச்சுக் குடுக்க நான் இருக்க மாட்டேன். ஸ்டாக் இல்லன்னு சொன்னது பொய். வாங்குனதை சாக்கடையில ஊத்துனோம். கார்டையே டிஸ்சார்ஜ் பண்ணிட்டேன்.”

 பலராமன் டம்ளரை வேன் மேல் அடித்தார். “குடிகாரன் வீட்லயா பொண்ணு எடுத்தேன்!” என்று கத்தினார். நாக்கு குழறியது. அவர் அண்ணன், “காலையில பேசிக்கலாம் வாடா,” என்று இழுத்துப்போனார். பேசிக்கொள்ள என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் முகூர்த்தம்.

குப்பு மேடைக்கு ஓடி எல்லோர் காதிலும் ஓதிவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது ஜெகதா முகம் வெளுத்து நின்றாள். ஹேமா மாலையோடு படியிறங்கி வந்தாள். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

“எல்லார் முன்னாலயும் சொன்னீங்களாப்பா?”

“ஆமாம்மா.”

அவள் குப்புவிடம் திரும்பினாள். “மாமா, நாளைக்கு உங்களுக்கு வேலை இல்ல. என் கையை எங்கப்பா பிடிச்சுக் குடுப்பாரு.” பிறகு மேடையைப் பார்த்து, “என்னங்க, உங்கப்பா வருவாரா?” என்றாள்.

தினகரன், “வரலன்னாலும் தாலி நான்தானே கட்டணும்?” என்றான். இப்படிப்பட்ட பையனை எங்கிருந்து பிடித்தாள் என்று தெரியவில்லை.

வெள்ளி காலை பலராமன் வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது, வாயில் பாக்கு. தாரை வார்க்கும்போது ஜெகதா செம்பைச் சாய்க்க, ஹேமாவின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தேன். என் கை நடுங்கியது. குடித்து நடுங்கவில்லை, அழுகையில் நடுங்கியது. யார் பார்த்தாலும் பார்க்கட்டும். எதிரே தாம்பாளம் பிடித்திருந்த பலராமனின் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் வேறு. அது எனக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். சுலோச்சனா யாருக்கும் தெரியாமல் தாம்பாளத்தின் மறு ஓரத்தைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

பந்தி முடிந்து மண்டபத்தைக் காலி செய்கிற நேரம். காணாமல் போன கரண்டிக்காகப் பாத்திரக்காரனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். சுலோச்சனா வந்தாள். இத்தனை நாளில் என்னோடு நேராகப் பேசாதவள். முந்தின இரவு நடந்ததற்குச் சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நிமிர்ந்து நின்றேன்.

திரும்பிப் பார்த்துக்கொண்டாள். முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டு, “அண்ணே, காதுல கரண்ட் வெக்கிறாங்கன்னு சொன்னீங்களாமே. அந்த ஆஸ்பத்திரியில இவரைச் சேத்துக்குவாங்களா? இவரு பட்டாளத்துல இல்லையே,” என்றாள். குரலே எழும்பவில்லை.



“திங்கட்கிழமை வேலூர் பஸ் ஸ்டாண்டுல கொண்டாந்து நிறுத்தும்மா,” என்றேன். “கரண்ட் இல்லன்னா வேற வைத்தியம் குடுக்கட்டும். வர மாட்டேன்னாருன்னா எனக்கு ஒரு போன் போடு, ஆரணிக்கு வந்து நானே இழுத்துக்கினு போறேன். சேத்துக்க மாட்டேன்னு எவன் சொல்றான்னு பாக்கறேன்.”

அவள் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்தாள். அதற்குள் பலராமன் எங்களைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கமாக வரத் தொடங்கியிருந்தார். சுலோச்சனா சட்டென்று குரலை உயர்த்தி, மண்டபத்துக்கே கேட்கும்படி, “பாயசத்துல சக்கரை கம்மிண்ணே!” என்றாள்.

“கம்மிதாம்மா,” என்றேன் நானும்.